இறங்கிப் பார்க்காத அத்தான்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

போன் போட்டால் 'வகுப்புல இருக்கேன்' என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் பிறகு. முதலில் இதற்குப் பதில் சொல். லாரிப் பயிற்சிக்கு வந்த எல்லாரையும் தேர்வுக்கு அனுப்பிவிட்டு, சொந்த அத்தானை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறாயாமே?

பயிற்சி கொடுப்பவர் சரி என்று சொல்லாமல் லைசென்ஸ் தேர்வுக்கே போக முடியாதாம். அந்தப் பயிற்சி கொடுப்பவர் நீதானே, ராசா! இத்தனை வருடம் வேன் ஓட்டிய மனிதர். கம்பெனி மூடியதிலிருந்து முகம் செத்துப்போய் வீட்டில் உட்கார்ந்திருந்தார். இந்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வந்தால்தான் லாரி வேலை. உனக்கு ஏன் இந்த வீம்பு?

உன் அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியே எழுதினாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம்தான். அத்தான் ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. கியர், வளைவு, பிரேக் சோதனை எல்லாவற்றிலும் அவர்தான் முதல்.

ஒன்றே ஒன்றுதான். லாரியைப் பின்னால் எடுக்கும் முன் இறங்கி, ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும். கண்ணாடியில் தெரியாத இடம் அவ்வளவு இருக்கிறது. அத்தான் இறங்க மாட்டேன் என்கிறார். "கண்ணாடி எதுக்கு மச்சான் இருக்கு, தலை வாரவா?" என்று கேட்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள். சின்னவன் சொல்லி இறங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

பயமாக இருக்கிறது அக்கா. என்னால் சரி என்று சொல்ல முடியாது.

குட்டிக்கு முத்தம். நான் வாங்கிக் கொடுத்த மூன்று சக்கர சைக்கிளை ஓட்டுகிறாளா?

உன் தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

பயிற்சியிலிருந்து விடுமுறைக்கு வந்த உன் அத்தான் பையை மூலையில் எறிந்தார். சாப்பிடவில்லை. "ஒன் தம்பி என்னைக் கோமாளி ஆக்கிட்டான்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டு வேனை அவர் ஒரே மூச்சில் பின்னால் எடுப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவரைச் சரி என்று அனுப்பு. இல்லாவிட்டால் என் வாசலை மிதிக்காதே. குட்டிக்கு மாமன் இல்லை என்று சொல்லி வளர்த்துக்கொள்கிறேன்.

அக்கா

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. விடுமுறை முடிந்தும் அவர் பயிற்சிக்குத் திரும்பவில்லை. நீ சொன்னது பொய் என்று காட்ட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

இன்று காலை அவர் குளிக்கும்போது குட்டியின் சைக்கிளை வேனுக்குப் பின்னால் வைத்தேன். குட்டியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குள் நின்றேன். பார்த்துவிட்டு, இறங்கி, எடுத்து ஓரம் வைப்பார், அதை அப்படியே உனக்கு எழுதலாம் என்று நினைத்தேன்.

ஏறினார். கண்ணாடியைப் பார்த்தார். எடுத்தார்.

நொறுங்குகிற சத்தத்தில் வண்டி நின்றது. கதவு திறக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி "குட்டி, குட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இறங்கிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை, தம்பி. நான் ஓடிப்போய்க் குட்டியை அவர் மடியில் போட்டேன். இப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை.

நான்தான் வைத்தேன் என்று சொல்லிவிட்டேன். மத்தியானம், "நான் திரும்பிப் போனா மச்சான் சேத்துக்குவானா, கேளு. முதல்லேர்ந்து சொல்லித் தரட்டும்" என்றார்.

அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதே. வேலை போனால் போகட்டும். நான் வாசலைப் பற்றி எழுதியதைக் கிழித்துப் போடு. வரும்போது குட்டிக்கு வேறு சைக்கிள் வாங்கி வா.

உன் அக்கா