அண்டாவில் வெட்டிய பெயர்

மீரான் வாப்பாவுக்கு,

மீரானையும் கூட்டிக்கிட்டு நான் தேங்காப்பட்டணம் உம்மா வீட்டுக்குப் போறேன். சாளைக்கறி அடுப்படியில இருக்கு. வெளியே போனா சாவியை ஹலீமா மாமிகிட்ட குடுங்க.

முதலாளியோட பந்தயக்கார் மலை ஏறும்போ கொதிக்குது, ராடியேட்டருக்குப் பெரிய தொட்டி வேணும், சரி. அதுக்கு உம்மா சீதனமாத் தந்த செம்பு அண்டாதான் கிடைச்சுதா? வெட்டுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டியளா?

அண்டாவுல என் பேரு வெட்டியிருக்குல்லா, அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி வையுங்க. ‘ரசூல் பீவி’ன்னு ஊரெல்லாம் வாசிக்க வேண்டாம்.

முதலாளி வந்தா சாயா நீங்களே போட்டுக் குடுங்க.

பின்னே, வண்டி கொதிச்சா மூடியை வெறுங்கையால திறக்காதீங்க. போன தடவை வெந்த கை இன்னும் ஆறல்ல. என் பழைய கவணித் துணியை நாலா மடிச்சு கார் சீட்டுக்கு அடியில வச்சிருக்கேன்.