கொவ்வையிலை வைத்த பக்கம்

இன்று குசினியில் மகள் கொவ்வையிலையை அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தாள். அந்தப் பச்சை வாசம் விறாந்தைக்கு வந்ததும் உங்கள் நினைவும் கூடவே வந்துவிட்டது, நானா.

துறைமுகப் பட்டறையில் நாம் ஒன்றாக வேலை செய்த காலம்; உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் உங்களை நானா என்றே கூப்பிட்டேன். தகடு கிழித்த என் வலது பாதம் மாதக்கணக்கில் ஆறவில்லை. சீனி வருத்தம் என்றார் டாக்குத்தர். சீனி இறங்காவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். வீட்டில் சொல்லப் பயந்து முதலில் உங்களிடம்தான் சொன்னேன். மறுநாள் உங்கள் ஊர் கிண்ணியாவிலிருந்து வரும்போது உங்கள் வேலிக் கொவ்வையில் வறை செய்வித்துக் கொண்டுவந்தீர்கள்.

நான் அதை மருந்தென்றே நினைத்து, வழக்கம்போலச் சோற்றைக் குவித்து அதன்மேல் போட்டுச் சாப்பிட்டேன். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த நாள் சஹன் வந்தது. பெருநாளில் உங்கள் ஆட்கள் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. என் பக்கம் வறையும் மீனும் ஒரு பிடி சோறும். மிச்சச் சோறெல்லாம் உங்கள் பக்கம்.

"இது பெருநாளைக்குத்தானே, நானா?"

"ஓம். சஹனில அவரவர் தன்ட பக்கத்திலதான் சாப்பிடணும், ஐசே. மற்றவர் பக்கம் கை நீட்டுறது மரியாதை இல்ல."

அன்றுமுதல் தினமும் சஹன்தான்; மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு பசியோடு எழும்புவேன். மனதுக்குள் உங்களைத் திட்டாத நாளில்லை. டாக்குத்தர் தந்த குளிசையைப் போட்டேனா என்று வேறு விசாரிப்பீர்கள். இலைதான் சாப்பிடுகிறேனே என்றால், "இலை சோத்துட இடத்தைத்தான் பிடிக்கும். குளிசைட இடத்தைப் பிடிக்க அதால ஏலாது" என்பீர்கள்.

மாரி முடிவதற்குள் புண் காய்ந்தது. காலை எடுக்கும் கதையை டாக்குத்தர் விட்டுவிட்டார். சீனியை இறக்கியது இலையா, குளிசையா, எனக்காக நீங்கள் சாப்பிட்ட சோறா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் வயிறு பெருத்தது மட்டும் பட்டறைக்கே தெரியும்.

இப்போதும் தட்டில் முதலில் வறையைத்தான் வைக்கிறேன். சோறு ஓரத்தில் கொஞ்சம். எதிரில் நீங்கள் இல்லாதது பெரிய குறைதான்.

போன வருடம் பள்ளிவாசலில் இருந்து உங்கள் உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது, உங்கள் மூத்த மகன் என்னைத் தேடிப்பிடித்து, தோள் கொடுக்க இடம் விட்டான். மணல் பாதையில், நீங்கள் காப்பாற்றித் தந்த காலால் உங்களை மையவாடி வரைக்கும் சுமந்து வந்தேன், நானா.