கறை படிந்த கம்பளி நூல்

ஜூன் 9, ஞாயிறு
மழை விட்டுவிட்டு. விறகு ஈரம், லயத்துக் காம்பரா, எங்கள் ஒற்றை அறை, முழுக்கப் புகை. வேலி முள்ளில் ஆடுகள் விட்டுப்போன ரோமம் இன்று ஒரு மடி. அலசி அடுப்புக்கு மேலே காயப் போட்டேன். மாமி: "ஆட்டு நாத்தத்த ஊட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டா!"

நூல் நூற்கும் தக்ளி நானே செய்தது. குன்னூர் நெசவுக் கூடத்து ஜன்னலில் பார்த்ததை வைத்து. தேயிலைக் குச்சி, கனத்துக்கு அடியில் ஓர் உருளைக்கிழங்கு. நேற்று அந்தக் கிழங்கை மாமி குழம்பில் போட்டுவிட்டார். என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு, இடுப்பு வலியோடு.

ஜூன் 11
இன்றும் நூல் அறுந்தது. காரணம் பிடிபட்டது. கொழுந்து கிள்ளிப் பழகிய விரல், ரோமத்தையும் கிள்ளிவிடுகிறது. கண்டியில் பத்து வயதில் கூடை கட்டிய கை. மெதுவாக இழுக்கப் பழக வேண்டும்.

ஜூன் 14
வந்துவிட்டது! ஒரு முழம், அறாமல். சாப்பிட மறந்தேன். இது என் வேலை. இதுவரை செய்ததெல்லாம் வயிற்றுக்கு.

ஜூன் 16, ஞாயிறு
குன்னூர். உப்பு, மண்ணெண்ணெய், அவர் இடுப்புக்குத் தைலம். நெசவுக் கூடத்து சாரதா டீச்சரிடம் நூலைக் காட்டினேன். கோயம்புத்தூர்க்காரர்.

"ஏனுங்க, நீங்களே நூத்தீங்களா? சீரா இருக்குதுங்க. ஆனா பூரா கறை."

கொழுந்துச் சாறு. என் விரலெல்லாம் கருப்பு.

"வெள்ளைக் கம்பளிக்கு இது ஆகாதுங்க. கொழுந்து எடுக்கறத உட்டுட்டு இங்கயே வந்துருங்க. அடுத்த திங்கக்கெழம வரோணும், இல்லீன்னா வேற ஆளப் போட்ருவாங்க."

பஸ்ஸில் தலைகால் புரியவில்லை.

ஜூன் 18
எலுமிச்சை, சாம்பல், செங்கல் தூள். தோல்தான் உரிந்தது. போன கொஞ்சம் கறையும் மலையில் ஒரு கூடை எடுப்பதற்குள் திரும்ப வந்துவிட்டது. இரண்டையும் செய்ய முடியாது.

ஜூன் 20
சரிவில் விழுந்த பிறகு அவருக்கு வேலை இல்லை. தோட்டம் கொடுத்த காம்பரா இப்போது என் பேரில். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நான் இல்லையென்றால் காம்பராவும் இல்லை. மாமியிடம் நெசவுக் கூடத்து வேலையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கப்பல்ல வந்து, மண்டபம் கேம்ப்ல கெடந்து, இப்பத்தான் புள்ள ஒரு கூரை. இதையும் உட்டுட்டா இவன எங்க தூக்கிக்கிட்டுப் போறது?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை.

ஆத்திரம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 23, ஞாயிறு
அவர்: "நீ போ புள்ள. நா பாத்துக்குறேன்."

எதைப் பார்ப்பார்? எழுந்து உட்காரவே என் தோள் வேண்டும்.

ஜூன் 24, திங்கள்
மூடுபனி. குளித்து நல்ல சேலை கட்டினேன். கீழே குன்னூர் பஸ் ஹாரன் அடித்தது. சேலை மேல், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு பெரட்டுக்குப் போனேன்.

கங்காணி பேர் கூப்பிட்டார். நான் பஸ் போன பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து லயத்து ராக்காயி முழங்கையால் இடித்தாள். மறுபடி கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்றேன்.