அரை லோடு ஜல்லி

9 ஜூலை, புதன்
காலையிலிருந்து தூறல். வாசல் முழுக்கச் செம்மண் சேறு. பால்காரர் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டது. தள்ளிவிடப் போய் என் வேட்டி போச்சு.

ஞாயிறு மகள் ஜெனியைப் பெண் பார்க்க சாமராஜநகரிலிருந்து வருகிறார்கள். பையன் ஸ்கூல் வாத்தியார். இதுவரை வந்த வரன் எல்லாவற்றுக்கும் போட்டோவிலேயே "வேண்டாம்பா". ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டு என் நாக்கு தேய்ந்துவிட்டது. இந்தத் தடவை, "பார்த்துட்டுச் சொல்றேன்பா." அதுவே பெரிசு. அவர்கள் கார் சேற்றில் மாட்டினால் எல்லாம் கெட்டுவிடும். கேட்டிலிருந்து படிவரை ஜல்லி போட்டாக வேண்டும்.

10, வியாழன்
மழை இல்லை. அளந்தோம். டேப்பின் மறுமுனை ரோஸி கையில். குக்கர் விசில் கேட்டதும் என் சம்சாரம் முனையை விட்டுவிட்டு ஓடிவிட்டாள். சுருண்டு வந்து என் விரலில் ஒரு போடு.

நீளம் 40 அடி. அகலம் 10. கனம் 3 அங்குலம், அதாவது கால் அடி. ஆக 100 கன அடி. லாரி லோடு ஒன்று இருநூறாம். அரை லோடு போதும்.

ரோஸி: "கொஞ்சம் கூடவே சொல்லுங்க."
கம்பெனி ஸ்டோர்ஸில் காலமெல்லாம் கணக்குப் பார்த்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

ஜெனி: "நான் போன் பண்றேன்பா. உங்க கன்னடம்..."
"மைசூர்ல பாதி ஆயுசு போயாச்சு. என் கன்னடத்துக்கு என்ன?"

நானே பேசினேன். "அரை லோடு கள்ஸி." அனுப்பச் சொல்வது அப்படித்தான். அந்தப் பக்கம் ஏகப்பட்ட சார், சார். அரை லோடுக்கு இவ்வளவு மரியாதையா! நல்ல மனுஷர்.

12, சனி
மார்க்கெட். கேக், மிக்சர், பூ. திரும்பி வந்தால் கேட் இருந்த இடத்தில் மலை. மூன்று லோடு கொட்டியாச்சு, நாலாவது லாரி ரிவர்ஸ் எடுக்கிறது. ரோஸியும் ஜெனியும் உள்ளே. நானும் கேக்கும் வெளியே.

டிரைவர்: "ஆரு லோடு அந்த்ரல்லா சார்!"

ஆறு லோடு என்றீர்களே என்கிறார். கன்னடத்தில் ஆரு என்றால் ஆறு. பாதிக்கு அவர்கள் சொல்வது அர்த. என் அரை அங்கே ஆராகிவிட்டது.

கெஞ்சி மிச்ச லாரிகளைத் திருப்பி அனுப்பினேன். அள்ளிப்போட ஆள் கிடைக்கவில்லை. ரோஸி திட்டித் தீர்த்தாள். இந்த வரனும் போனால் என்னால்தான்.

13, ஞாயிறு
பூசை முடிந்து வந்ததும் நல்ல வெயில். இனி அடித்து என்ன.

கார் தெருவிலேயே நின்றது. பையனின் அப்பா மலையை அண்ணாந்து பார்த்தார். "வீடு கட்டறீங்களா?"
"இல்லீங்க, வழி போடறோம்."
"எது வரைக்கும்? சாமராஜநகர் வரைக்குமா?"

பெரியவர்களைப் பக்கத்து வீட்டு வழியாக அழைத்துப் போனேன். பையன் மட்டும் நேரே ஏறினான். புது ஷூ வேறு. உச்சியில் சறுக்கி, உட்கார்ந்தபடியே எங்கள் வாசலுக்குள் வந்து சேர்ந்தான். ஜெனி எதிரே நிற்கிறாள். எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டு, "வழி நல்லாத்தானுங்க இருக்குது" என்றான்.

ஜெனி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அவர்கள் கிளம்பிப் போனதும் பக்கத்தில் வந்தாள். "சரின்னு சொல்லிடலாம்பா."

உடனே போனை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க வேண்டாம்பா. அம்மா பேசட்டும்."