பாஞ்சாலியின் வலது கால்

9-7-1961, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. மன்னிக்க வேண்டும். யார் மன்னிப்பது? இதைப் படிக்கப் போகிறவனும் நான்தான். திண்டிவனத்தில் ஜட்கா வண்டி ஓட்டிய கை, பென்சில் வழுக்குகிறது. முதியோர் பள்ளியில் சேர்ந்த பிறகு நானாக எழுதும் முதல் பக்கம் இது. 'பாஞ்சாலி' என்று எழுதி என் மனைவியிடம் காட்டினேன். "என் பேரு இத்தினிகூண்டுதானா?" என்றாள். சந்தோஷம் தாங்கவில்லை.

மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை எடுத்தபோது அவள் காலில் களைக்கொட்டு வெட்டிய புண்ணும் மஞ்சள் பற்றுப் போட்டதில் மூடிவிட்டது.

13-7, வியாழன்

மூடியது மேல்தோல்தான். உள்ளே சீழ். காய்ச்சல். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டர் தோலைத் திறந்து, செத்த சதையை அறுத்து எடுத்தார். சர்க்கரை வியாதியும் இருக்கிறதாம். ஆறிவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னேனே!

16-7, ஞாயிறு

இன்றும் அறுத்தார்கள். அதற்கு 'டிப்ரிட்மென்ட்' என்று பெயர். எப்படி எழுதுவது என்று நர்ஸ் அமல்ராணியைக் கேட்டேன். புதுச்சேரிப் பெண்.

"அது பிரெஞ்சு வார்த்தை தாத்தா. கடிவாளத்தைக் கழட்டறதுன்னு அர்த்தம். இறுக்கிக்கினு இருக்கறத எடுத்தாத்தான் புண்ணு ஆறும்" என்றாள்.

அட! கடிவாளத்தைக் கழற்றியதும் குதிரை தலையை உதறுமே, அதுவா! ஓடிப்போய் பாஞ்சாலியிடம் சொன்னேன்.

"குதிரைக்குக் கழட்டனா வலிக்காது. உன் வார்த்தைய நீயே வச்சிக்கய்யா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

19-7

கணுக்கால் வரை கறுப்பு.

20-7, வியாழன்

டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அவளிடம் மெதுவாகச் சொல்லலாம் என்று இருந்தேன். சம்மதம் கேட்டு அமல்ராணி ஒரு காகிதம் கொடுத்தாள். கட்டில் ஓரம் உட்கார்ந்து படித்தேன். எனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும். "வ-ல-து கா-லை... மு-ழங்-கா-லுக்-குக் கீ-ழே..." அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"ஏன் நிறுத்திட்ட? மிச்சத்தையும் படி."

படித்தேன். ஐயோ, எதுக்குடா எனக்கு இந்தப் படிப்பு?

கையெழுத்துப் போடப் போனேன். காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "காலு என்னுது. மையக் கொண்டாரச் சொல்லு." அவளே ரேகை வைத்தாள்.

4-8, வெள்ளி

வெட்டிய இடம் சுத்தமாக இருக்கிறது என்கிறார் டாக்டர். அவள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. மத்தியானம், "பாதம் அரிக்குது, சொறிஞ்சி வுடுய்யா" என்றாள். எந்தப் பாதம் என்று நான் கேட்கவில்லை. வெறும் விரிப்பைச் சொறிந்தேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள்.

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புவார்களாம். அங்கே போய் எழுதுகிறேன்.