கீபோர்டில் எறும்பு

நீலசந்திரா, பெங்களூர்
5-11-2007

அன்பு மகள் சங்கமித்ராவுக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே சுகம். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு நீயும் சுகமாக இருக்க வேண்டும். பேனா பிடித்து உனக்கு எழுதி ரொம்ப நாளாகிறது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்காவது போய்விடுவேனோ என்ற பயத்தில் முதலிலேயே வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. என் உடம்பு.
2. லேப்டாப் கீபோர்டு நின்றதும், நீ சொன்ன சோதனைகளை நான் செய்த விதமும்.
3. கடையில் கண்டுபிடித்த காரணம்.
4. கிளாஸ்கோ வேலையில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாமா என்று நீ கேட்டதற்குப் பதில்: இருக்கலாம், எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

உடம்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிரஷர் மாத்திரை தவறாமல் போடுகிறேன், சர்க்கரை போன மாதம் பார்த்த அளவிலேயே நிற்கிறது, இடது முழங்கால் மட்டும் மாடிப்படியில் கொஞ்சம் பிடிக்கிறது. காலையில் அடுகோடி சிக்னல் வரை நடந்துவிட்டுத் திரும்புகிறேன். வழியில் பேப்பர்க்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுவதுண்டு, அவர் விடுமுறை எடுத்தால் அதுவும் இல்லை.

இனி கீபோர்டு. ஆயுத பூஜை அன்று மாடியில் குடியிருக்கும் ரத்தினம்மாள் தன் தையல் மெஷினுக்குப் பூஜை போட்டுவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு கீழே வந்தாள். நம் வீட்டில் இதெல்லாம் வழக்கமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும், "என்னா சார், உங்க கம்ப்யூட்டர் மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு, அதுக்கும் ஒரு பொட்டு வச்சிடறேன்" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையில் வீட்டுக்குள் ஒருவர் வந்து நின்றதே நன்றாகத்தான் இருந்தது. அவள் மூடியில் பொட்டு வைத்து, மாவிலையால் நாலு துளி தண்ணீர் தெளித்து, பொரி கடலையும் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் பதினொரு எழுத்துகள் விழவில்லை. தாளில் கீபோர்டை அப்படியே வரைந்து, வேலை செய்வதற்கு டிக்கும் செய்யாததற்குப் பெருக்கல் குறியும் போட்டேன். மூன்றாம் நாள் தாள் முழுக்கப் பெருக்கல் குறிதான். ஆனால் மவுஸ் வேலை செய்தது. அதனால் உன் மெயில்களைத் திறந்து படிக்க முடிந்தது, ஒரு எழுத்துப் பதில் போட முடியவில்லை. "அப்பா ஏன் பதில் இல்லை" என்று நீ மூன்று முறை எழுதியதை நான் மூன்று முறையும் படித்தேன் அம்மா. பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிறவளுக்குக் குரல் கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன வரிசைப்படியே எல்லாம் செய்தேன். அணைத்துப் போட்டேன். வயரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது எண்ணும்வரை அழுத்தினேன், அவசரமாக எண்ணிவிட்டேனோ என்ற சந்தேகத்தில் இன்னொரு முறையும் செய்தேன். தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டச் சொன்னாய், உடைந்துவிடுமோ என்று மெதுவாகத்தான் தட்டினேன். வேறு கீபோர்டு ஒன்றைச் சொருகிப் பார்ப்பதுதான் பாக்கி, அது என்னிடம் இல்லை. அதே போனில்தான் இரண்டு வருஷ விஷயத்தையும் கேட்டாய். நான் வழக்கம்போல உன் இஷ்டம் என்றேன். "என் இஷ்டம் எனக்குத் தெரியும்ப்பா, உங்க இஷ்டத்தைத்தான் கேக்கறேன், வாயால வராதுன்னா எழுதியாவது போடுங்க, நவம்பர் கடைசிக்குள்ள நான் கையெழுத்துப் போடணும்" என்று கோபித்துக்கொண்டாய். கோபம் நியாயமானது.

மறுநாள் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே சிவாஜிநகர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டோரதி என்ற பெண் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும். அவள் வேறு கீபோர்டைச் சொருகியதும் எழுத்துகள் ஓடின. "மெஷின் பர்ஃபெக்ட் அங்கிள், கீபோர்டுதான் போச்சு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வீட்ல யாரோ பதில் கேக்கறாங்கன்னீங்களே, இங்கயே உக்காந்து அடிச்சிடுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன். பின்னால் இரண்டு பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள், அவர்கள் கண் திரையில் இருப்பது முதுகில் தெரிந்தது. நான் நலம், கீபோர்டு பழுது, என்று அடித்து அனுப்பிவிட்டு எழுந்துவிட்டேன். உனக்கு வந்த அந்த ஒரு வரி அப்படி வந்ததுதான்.

நான் டோரதியிடம் பூஜைத் தண்ணீர் கதையைச் சொன்னேன். ரத்தினம்மாளைப் பத்து நாளாக மனதுக்குள் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருந்தேன், அவளிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. டோரதி கீபோர்டைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தாள். "தண்ணியெல்லாம் இல்ல அங்கிள். இங்க பாருங்க, எறும்பு குடும்பத்தோட குடித்தனம் வந்திருக்கு. டீ, சோத்துப் பருக்கை, முறுக்கு, எல்லாம் உள்ள இருக்கு. சாப்பாடு உங்களுக்கா, கம்ப்யூட்டருக்கா?" எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் சாப்பாட்டைத் தட்டோடு லேப்டாப் முன்னால் எடுத்துப் போகிறேன் அம்மா. உன் அம்மா சின்னத்தாயி போன பிறகு அந்தப் பழக்கம். உன் பழைய மெயில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டால் இரண்டு வாய் கூட இறங்குகிறது. புது மெயில் வந்த சத்தம் கேட்டு ஒருநாள் டீ டம்ளரைத் தட்டிவிட்டேன், துடைத்துவிட்டு மறந்தும் போனேன். ரத்தினம்மாளிடம் நேற்று போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை, உட்கார வைத்துக் காபி கொடுத்தாள்.

புது கீபோர்டு வர இரண்டு வாரமாகுமாம், லேப்டாப் கடையிலேயே இருக்கிறது. நான்காவதற்கு மேலேயே பதில் எழுதிவிட்டேன். நல்ல ஆஸ்பத்திரி, மதிப்பான லேப் வேலை, என்னை நினைத்துத் தயங்காதே. வெறும் வயிற்றில் வேலைக்கு ஓடாதே. தலைக்கு எண்ணெய் வை. எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று காலையில் புத்தர் படத்தின் முன் சொல்லும்போது, உன் பெயரை மட்டும் தனியாக இன்னொரு முறை சொல்கிறேன். பாஸ்போர்ட் தேதி முடிவதைப் பார்த்து வை, மறந்துவிடாதே.

என்றும் உன் நலம் கோரும் அப்பா,
ஜெயராமன்

கையெழுத்துப் போட்ட பிறகு கடிதத்தை ஒருமுறை சரிபார்த்தேன். முப்பத்தொரு வருஷம் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன், தவறான அளவை ஒருநாளும் பாஸ் செய்ததில்லை. நீ போடப்போகும் கையெழுத்துக்கு மட்டும் அதைச் செய்யக்கூடாது. நேற்று மதியமும் தட்டை எடுத்துக்கொண்டு அந்த மேசைக்கே போனேன். மேசை காலியாக இருந்தது. நின்றுகொண்டே சாப்பிட்டேன். முடிவு உன்னுடையதுதான் அம்மா, ஆனால் சரியான கணக்கை வைத்து முடிவு செய். மேலே எழுதிய நான்காவது தவறு.