ஏழாவது கையெழுத்து

கார்ல்டன்,
மெல்பேர்ண்.
18-4-1976

பெருமதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உங்கள் பதிவுத் தபால் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை மறக்காமல் எழுதவும்.

மனுவில் கையெழுத்து வைத்து இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள், பெரியப்பா, இரத்தினசிங்கம் மாமா, சித்தப்பாமார் இரண்டு பேர், ஊர்த் தலைமை விதானையார் எல்லாரும் தாராளமாக வைத்துவிட்டபடியால் கீழே இடமில்லை. ஏழாவதாக ஒரு மூலையில் நெருக்கி வைத்திருக்கிறேன். தங்கச்சி வதனாவுக்கு மனநிலை சரியில்லை, ஆகையால் நீண்ட லீவு தரவேண்டும் என்று அவள் படிப்பிக்கும் பாடசாலை அதிபருக்கு எழுதிய வரியில் உங்கள் இங்கிலீசு கொஞ்சம் முரடாக இருந்தது. அதை வெட்டி, மேலே நாகரிகமான சொல் ஒன்று போட்டிருக்கிறேன்.

அவள் விரும்பும் அந்த ஆனந்தராஜா மாஸ்டர் நல்லவராகவே இருக்கட்டும். எங்கட ஆக்கள் இல்லை என்றான பிறகு கதைத்து என்ன பிரயோசனம்? ஹற்றன் குளிரில் இரண்டு வருடம் தனியாகப் படிப்பித்த பிள்ளை. மூன்று மாதம் அம்மாவின் கையால் சாப்பிட்டால் தெளிந்துவிடுவாள்.

என் ஆராய்ச்சி எதைப்பற்றி என்று பெரியப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இருநூறு வருடங்களுக்கு முந்திய பிரான்சைப் பற்றி. அங்கே குடும்ப மானத்துக்குப் பங்கம் வரும் என்று பயந்த தகப்பன் அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதலாம். மகன், மகள், ஏன் கட்டின மனுசியைப் பற்றிக்கூட எழுதலாம். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அரசன் பெயரில் முத்திரை வைத்த கடிதம் ஒன்று வரும். ஆளைக் கொண்டுபோய்க் கன்னியர் மடத்திலோ கோட்டையிலோ அடைத்துவிடுவார்கள். சொந்தக்காரர் எவ்வளவு பேர் கையெழுத்து வைத்தார்களோ மனுவுக்கு அவ்வளவு பலம். ஊர்ப் பாதிரியாரும் வைப்பார். எங்கள் அரசாங்கக் கச்சேரி தோற்றுப்போகும்! இந்த மாதிரி முந்நூறு மனு மைக்ரோபிலிமில் வாசித்துவிட்டேன். சரியான பகிடி மனிதர்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்
சிறிதரன்

⁂

கார்ல்டன்,
மெல்பேர்ண்.
22-8-1976

ஐயாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருக்கவேண்டும். இங்கே பொல்லாத குளிர். கையுறையோடு எழுதினால் எழுத்து கோணுகிறது, கழற்றினால் விரல் விறைக்கிறது. பொறுத்து வாசியுங்கள்.

விமலாதேவி அக்கா போன கிழமை திரும்பி வந்துவிட்டார். இங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருப்பவர், லீவில் ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டிலும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர். வதனாவுக்கென்று ஒரு கம்பளிச் சுவெற்றர் அவரிடம்தான் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்வேலில் அவர் வீட்டுக்குப் போனேன். சோறு போட்டார். சாப்பிட்டு முடியும்வரை ஊர்ப் புதினம் சொன்னார். பிறகு அந்தச் சுவெற்றரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

வதனா வைத்தியத்துக்குக் கொழும்புக்குப் போய்விட்டாள் என்று நீங்கள் சொன்னீர்களாம். அக்கா கை கழுவக் குசினிப் பக்கம் போனாராம். பக்கத்து அறைக்கு வெளியே பூட்டு. வேலை செய்த ஆஸ்பத்திரிகளில் இப்படியான பூட்டுகளைப் பார்த்தவர். கிட்டப் போய் மெல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். உள்ளேயிருந்து வதனா கதைத்தாளாம். நாலு மாதமாகிறதாம். நித்திரைக் குளிசை தருகிறார்களாம். அழவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: அண்ணா வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தவரோ?

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓம், வாசித்துத்தான் என்றேன். சொல்லையும் திருத்தினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் என் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் பகிடி என்று எழுதிய மனுக்களில் ஒன்றைப்பற்றிச் சொல்லவேண்டும். 1752ஆம் வருடத்தது. இருபத்துநாலு வயதுப் பெண். குதிரைச் சேணம் தைப்பவன் ஒருவனைக் கட்டப்போகிறேன் என்று நின்றிருக்கிறாள். தகப்பன், மாமன்மார், பாதிரியார், அண்ணன் எல்லாரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். எழுத்து வடிவாக இருக்கும் என்று மனுவை எழுதியதும் அண்ணன்தான். நல்ல உதாரணம் என்று மூன்றாம் அத்தியாயத்தில் சேர்த்துவிட்டு அப்பால் போய்விட்டேன். பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. போன திங்கட்கிழமைதான் பார்த்தேன்.

மடத்தின் வருடாந்தப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. வயது இருபத்தைந்து. அடுத்த வருடம் இருபத்தாறு. இப்படியே நாற்பத்தொன்று வரைக்கும். அதற்குப் பிறகு பெயர் இல்லை, விடுதலைத் தாளும் இல்லை. அந்த உத்தரவுகளில் எவ்வளவு காலம் என்று தவணை குறிப்பதில்லை, ஐயா. அடைக்கச் சொன்ன குடும்பமே விடச்சொல்லிக் கேட்கவேண்டும். தகப்பன் மூன்றாம் வருடமே செத்துப்போனார். அண்ணன் வேறு ஊரில் உத்தியோகம் கிடைத்துப் போய்விட்டான். ஒருவரும் கேட்கவில்லை. கொடியவர்கள் என்று சொல்லமுடியாது. கடிதங்களைப் பார்த்தால் எல்லாரும் அவளில் பட்சமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

உங்களுக்கும் அவளில் பட்சம் என்பது எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயம். உங்களுக்கு எழுபது வயதாகிறது. நான் இங்கே இருக்கிறேன், இன்னும் இரண்டு வருடம் இருப்பேன், பிறகு எங்கே போவேனோ தெரியாது. மாமாவோ பெரியப்பாவோ போய்க் கேட்கப்போகிறார்களா?

நேற்று அதிபருக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். மூன்று வருடமாகத் தங்கச்சியைக் கண்ணால் காணாதவன் நான், கேள்விப்பட்டதை வைத்துக் கையெழுத்திட்டேன், அவளுக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, என் கையெழுத்தை நீக்கிவிடவும் என்று. மற்றவர் சொல்லி நீங்கள் அறியக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். குடும்ப மானத்தை வாங்கிவிட்டான் என்று பெரியப்பா சொல்வார். சொல்லட்டும்.

வதனாவுக்குத் தனியாக எழுதவில்லை. எழுதினாலும் முதலில் உங்கள் கைக்குத்தான் வரும். முப்பது வருடம் தபாலதிபராக இருந்து ஒருவருடைய கடிதத்தையும் பிரிக்காதவர் என்று உங்களைப்பற்றி எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது அப்படிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஐயா. இதை எழுதுவது எனக்கு லேசாக இல்லை.

செப்டெம்பரில் மூன்றாம் தவணை தொடங்கிவிடும். அவளை ஹற்றனுக்குப் போகவிடுங்கள். துணைக்கென்று ஒருவரையும் அனுப்பவேண்டாம். அவள் யாரைக் கட்டுவாள் என்பதைப் பிறகு பார்ப்போம், அதில் நான் உங்களோடு சண்டை பிடிக்க வரவில்லை. இதை வாசித்து முடித்ததும் கதிரையை விட்டு எழும்பிப் போங்கள். மாமாவைக் கூப்பிட்டு யோசனை கேட்கவேண்டாம். பூட்டின் திறப்பு உங்கள் மடியில்தான் இருக்கிறது என்று அக்கா சொன்னார். கதவைத் திறக்க ஒருவரும் மனு எழுதத் தேவையில்லை, ஐயா.

உங்கள் காலில் விழுந்து கேட்கும்,
மகன்
சிறிதரன்